பிள்ளை எடை

"டீச்சர், எடை போடையில தூக்குறது நல்ல தொடுதலா, கெட்ட தொடுதலா?"

இரண்டாம் வகுப்பில், சன்னலோரம் உட்காரும் பொக்கைவாய்ப் பிள்ளை கேட்டாள். முன்பற்கள் விழுந்து இன்னும் முளைக்கவில்லை அவளுக்கு. பயிற்சி வகுப்பில் கொடுத்தனுப்பிய படத்தைக் கரும்பலகையில் மாட்டி, பச்சைப் புள்ளி, சிவப்புப் புள்ளி என்று நான் சொல்லி முடித்திருந்தேன். பிள்ளைகளும் வாய்ப்பாடு ஒப்பிக்கிற ராகத்தில் நல்ல தொடுதல், கெட்ட தொடுதல் என்று இழுத்து முடித்திருந்தார்கள். பாடம் முடிந்தது என்று கையிலிருந்த சாக்பீஸ் தூளைத் தட்டிவிட்டுக்கொண்டிருந்தபோதுதான் இந்தக் கேள்வி வந்தது.

படத்தில் பையன் இருந்தான், பெண் இருந்தாள். தராசு இல்லை.

திராட்சைக் கொட்டகை எடைத் தாத்தாவையா சொல்கிறாய் என்று பக்கத்தில் போய்க் கேட்டேன். தலையை ஆட்டினாள். "இறங்குறேன்னு சொன்னாலும் விட மாட்டாக. வீட்டுல சொன்னா எடை கரைஞ்சுரும்னு சொன்னாக."

எடை கரைந்துவிடும். அவர் அதை மாற்றக்கூட இல்லை. நம்மிடம் சொன்ன அதே பொய்யைத் தூசிகூடத் தட்டாமல் இந்தப் பிள்ளைகளிடமும் நீட்டியிருக்கிறார். அந்த நிமிடம் எனக்கு இரண்டு யோசனை வந்தது. ஒன்று, அந்த மனிதரை என்ன செய்யலாம் என்பது. அதை இங்கே எழுத முடியாது. மற்றொன்று, தராசை வகுப்புக்குள் கொண்டுவந்துவிட வேண்டும் என்பது.

இதை உங்களுக்காகத்தான் எழுதுகிறேன். திருப்பூரிலும் சென்னையிலும் இருந்துகொண்டு கைப்பேசிக் குழுவில் பிறந்தநாளுக்கு மட்டும் கேக் படம் அனுப்புகிற என்னோடு படித்த இரண்டாம் வகுப்புக்காரர்களே, உங்களில் அந்தப் பச்சைப் பெட்டியில் ஏறாதவர் ஒருவர்கூடக் கிடையாது. நரைக்கும் முன்பே பழைய கதை பேச வந்துவிட்டாள் என்று கேலி செய்யாதீர்கள். இது இன்னும் பழைய கதை ஆகவில்லை என்பதுதான் என் ஆத்திரம்.

நம் ஊரில் கல்யாணமாகி வந்த மருமகள்களுக்கும், உங்கள் பிள்ளைகளுக்கும் தெரிய வேண்டும் என்பதால் கொட்டகையைப் பற்றிச் சொல்கிறேன். மாதா கோவில் தாண்டி, தார் ரோடு திரும்புகிற இடத்தில் தகரக் கூரை போட்ட திராட்சைக் கொட்டகை. சுற்றிலும் பந்தல் தோட்டங்கள்; மருந்தடித்த இலையெல்லாம் நீல வெள்ளைப் புள்ளி. கேரளா லாரி வரும் நாட்களில் கொட்டகைக்குள் பழைய நாளிதழ் வாசமும் அழுகின பழத்தின் புளிப்பும் கலந்து மூக்கில் ஏறும். நடு உத்தரத்தில் வட்ட முகத் தராசு ஒன்று தொங்கும். கடிகாரம் போல ஒற்றை முள். அதன் கொக்கியில் நாலு கயிறு, கயிற்றில் பச்சைப் பிளாஸ்டிக் பெட்டி. பெட்டியில் பன்னீர் திராட்சையை நிரப்பித் தொங்கவிட்டால் முள் கொஞ்சம் நடுங்கி நிற்கும். நின்ற இடத்தைச் சொல்கிறவர்தான் எடைக்காரர்.

அந்த மனிதர் எடையில் ஒரு காம்புகூட ஏமாற்றியதில்லை. அதை நானே சொல்ல வேண்டியிருக்கிறது. வியாபாரிக்கு ஒரு எடை, விவசாயிக்கு ஒரு எடை என்று மற்ற ஊர்க் கொட்டகைகளில் அடிதடி நடக்கும். நம் ஊரில் அந்தப் பேச்சே கிடையாது. பெட்டி ஈரமாக இருந்தால் துடைத்துவிட்டுத்தான் தொங்கவிடுவார். அதனால் ஊர் ஒரு முடிவுக்கு வந்தது. தராசில் நேர்மையாக இருக்கிறவர் எல்லாவற்றிலும் நேர்மையாக இருப்பார். திராட்சை விளைகிற ஊர்தான் இப்படி ஒரு தப்புக் கணக்கைப் போட முடியும்.

அறுப்பு தொடங்கும் ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்ததும், முதல் பெட்டிக்கு முன்னால் பிள்ளைகளை நிறுப்பார்கள். பிள்ளை எடை என்று பெயர். பிள்ளை கனத்தால் கொத்து கனக்கும் என்று நம்பிக்கை. அந்த ஒரு நாளோடு முடிந்ததா என்றால் இல்லை. அம்மாமார் விடியும் முன்பே ஜீப் ஏறி மலைக்கு ஏலக்காய் எடுக்கப் போய்விட்டு, விளக்கு வைக்கும் நேரத்துக்குத்தான் திரும்புவார்கள். பள்ளிக்கூடம் விட்டால் நமக்கு நிழல் அந்தக் கொட்டகைதான். எடைக்காரர் இருக்கிறார், பார்த்துக்கொள்வார் என்று அம்மாமார் நிம்மதியாகப் போனார்கள்.

அப்போது அவர் எடை மாமா. அக்குளில் கை கொடுத்துத் தூக்கிப் பெட்டியில் வைப்பார். முள் நடுங்கும், நிற்கும். அவர் விட மாட்டார். பிடி இறுகும். மூச்சு முட்டும். இறங்குகிறேன் என்றால் சிரிப்பார். அதற்கு மேல் நான் எழுதத் தேவையில்லை. அந்தப் பிடி உங்கள் விலாவுக்கு ஞாபகம் இருக்கும். இறக்கிவிட்டுக் கையில் ஒரு கொத்து கொடுப்பார். வீட்டில் சொன்னால் எடை கரைந்துவிடும் என்பார். நாம் எடை ஏறவில்லை என்று வீட்டில் எவ்வளவு திட்டு வாங்கினோம். யார் வாயைத் திறப்போம்?

ஒருத்தி திறந்தாள். என் பெரியப்பா மகள். என்னைவிடப் பெரிய வகுப்பு. கிறிஸ்துமசுக்கு எடுத்த மஞ்சள் கவுன், கழுத்தில் பின்னல் ஜரிகை. அந்த வருடப் பிள்ளை எடையில் அவளைப் பெட்டிக்குள் வைத்தார். முள் நின்றது. "இறக்குங்க மாமா" என்றாள். மறுபடியும் சொன்னாள். மூன்றாவதாகச் சொல்லவில்லை. குனிந்து அவர் கையைக் கடித்தாள்.

சும்மா கடி இல்லை. பெட்டி சாய்ந்து, அவளும் விழுந்து, பக்கத்தில் அடுக்கியிருந்த பழமெல்லாம் அவளுக்கு அடியில் நசுங்கியது. மஞ்சள் கவுன் முழுக்கக் கருஞ்சிவப்பு. முதலில் ரத்தம் என்றுதான் நான் அலறினேன். கூட்டம் சிரித்தது. என் அம்மாவும் சிரித்தாள். அது இன்னும் என் காதில் இருக்கிறது.

பெரியப்பா சிரிக்கவில்லை. பந்தலில் செருகியிருந்த திராட்சைக் குச்சியை உருவி, ஊர் பார்க்க அவள் காலில் அடித்தார். ஏன் கடித்தாய் என்று கேட்டுக்கொண்டேதான் அடித்தார். ஆனால் பதில் சொல்ல இடைவெளி விடவில்லை. பிறகு எடைக்காரர் முன்னால் முழங்காலில் நிறுத்தி மன்னிப்புக் கேட்க வைத்தார். நம் ஊர் வழக்கம்தான் தெரியுமே, பெரியவர்களுக்குத் தோத்திரம் சொன்னால் அவர்கள் நெற்றியில் கட்டைவிரலால் சிலுவை போடுவார்கள். எடைக்காரர் சிரித்த முகத்தோடு, கடிபட்ட அதே கையின் கட்டைவிரலால் அவள் நெற்றியில் சிலுவை போட்டார். என்ன பெரிய மனசு என்று ஊர் சொன்னது.

அக்கா நேராக மோட்டார்த் தொட்டிக்குப் போனாள். நெற்றியைத் தேய்த்தாள். தோல் சிவந்து கன்றும்வரை தேய்த்தாள். கவுன் கறை போகவே இல்லை. அதைப் பெரியம்மா அடுப்படித் துணியாக்கினாள். அக்காவுக்கு ஊரில் கடிவாயி என்று பேர் வந்தது. பெண் பார்க்க வந்தவர்களிடம்கூட யாரோ அதைச் சொல்லிச் சிரித்திருக்கிறார்கள். இன்றுவரை அவள் திராட்சையைத் தொடுவதில்லை.

பொக்கைவாய்ப் பிள்ளை கேட்ட அன்று சாயங்காலமே நான் கொட்டகைக்குப் போனேன். வட்டத் தராசு இல்லை. எப்போதோ பழைய இரும்புக்குப் போய்விட்டதாம். இப்போது எலெக்ட்ரானிக் மேடைத் தராசு, சிவப்பு எண்கள் ஒளிரும். மேடையின் உயரம் அரைச் சாண். தவழும் பிள்ளைகூட ஏறிவிடும். தூணுக்குப் பின்னால் நின்று பார்த்தேன். எடைக்காரருக்கு முடியெல்லாம் வெளுத்து, தோளில் வெள்ளைத் துண்டு, இடுப்பு கொஞ்சம் வளைந்திருந்தது. ஜீப்புக்குக் காத்திருந்த பிள்ளைகளில் ஒரு பையனை அழைத்தார். அந்த அரைச் சாண் மேடைக்கு அவனைத் தூக்கி ஏற்றினார்.

தொங்கும் பெட்டிக்குத் தூக்க வேண்டியிருந்தது என்று இத்தனை வருடம் அவருக்காக யாராவது வாதாடியிருக்கலாம். மேடைத் தராசு வந்த அன்றோடு அந்த வாதம் முடிந்தது. நான் தூணைவிட்டு வெளியே வந்து, பையனைக் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டேன். எடைக்காரர் என்னைப் பார்த்துச் சிரித்தார். "ஏ ஆத்தா, நீயும் ஏறிப் பாக்குறியா? சின்னதுல நீ சவலையா இருப்ப" என்றார்.

அம்மாவிடம் சொன்னேன். அவுக சின்னப் பிள்ளைகன்னா உசுரு, அப்படித்தான் தூக்குவாக என்றாள். அந்தப் பழைய சிரிப்பில் மிச்சம் கொஞ்சம் உதட்டில் இருந்தது. பிறகு அக்காவுக்குப் போன் போட்டேன். கம்பத்தில் ஒரு ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கிறாள். நடந்ததைச் சொன்னேன்.

"இன்னும் தூக்குறானா?" என்றாள். ஊரே மரியாதை போட்டுப் பேசும் மனிதரை அப்படிச் சொல்கிறவள் அவள் ஒருத்திதான்.

"தூக்குறாரு."

"அவனப் போலீசு பாத்துக்கட்டும். எங்க அப்பாவ நான் பாத்துக்கணும்."

மறுநாள் தலைமையாசிரியையிடம் போனேன். அந்த அம்மா முதலில் கதவைச் சாத்தினார். பள்ளித் தண்ணீர்த்தொட்டி எடைக்காரர் கட்டிக் கொடுத்தது என்றார். பக்குவமாக ஒரு வார்த்தை சொல்லிவைக்கலாம் என்றார். பக்குவமாகத்தான் இத்தனை வருடம் இருந்திருக்கிறோம், குழந்தைகள் உதவி எண்ணுக்கு நீங்கள் அடிக்கிறீர்களா, நான் அடிக்கட்டுமா என்றேன். அடித்தார். அதை மறைக்க மாட்டேன். வருகிறோம் என்றார்கள். ஆனால் வருவது அடுத்த வாரம். இந்த ஞாயிறு பிள்ளை எடை.

விடிவதற்கு முன் ஜீப் நிற்கும் இடத்துக்குப் போனேன். தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு, தூக்குவாளியோடு அம்மாமார் நெருக்கியடித்து ஏறிக்கொண்டிருந்தார்கள். பொக்கைவாய்ப் பிள்ளையின் அம்மாவைத் தனியே கூப்பிட்டுச் சொன்னேன். அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். ஞாயிற்றுக்கிழமை மகளை நிறுக்க வேண்டும், சத்து மாவு குடிக்கிறாள், ஏறியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும் என்றாள்.

"அவுகளப் போயி இப்பிடிச் சொல்றீகளே டீச்சர். ஒரு கொத்து குறைச்சுப் போட்டதில்லை அவுக."

"திராட்சைக்கு வாய் இல்லக்கா. உங்க பிள்ளைக்கு இருக்கு. இன்னைக்கு ராத்திரி அவளக் கேளுங்க. கேட்டுட்டுச் சிரிக்காம இருங்க, அது போதும்."

டிரைவர் ஹாரன் அடித்தான். அவள் ஏறிக்கொண்டாள். கேட்பாளா மாட்டாளா என்று முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. ஜீப் மலைப் பக்கம் போன பிறகும் நான் அங்கனயே நின்றேன். அந்தப் பிள்ளை ஞாயிற்றுக்கிழமை அந்த மேடையில் நிற்கப் போகிறாள். அதற்குள் நான் அவளுக்கு என்ன கொடுத்துவிட முடியும்?

படத்தைச் சுருட்டிப் பரண்மேல் எறிந்தேன். சத்துணவுக் கூடத்தில் அரிசி நிறுக்கும் மேடைத் தராசை ஆயாவிடம் கெஞ்சி வாங்கி வகுப்புக்கு நடுவில் வைத்தேன்.

முதல் வேலை, எடை கரைகிறதா என்று பார்ப்பது. ஒவ்வொருவராக ஏறுங்கள், எண்ணைப் பாருங்கள், பிறகு யாரிடமும் சொல்லாத ஒரு ரகசியத்தைச் சத்தமாகச் சொல்லுங்கள், மறுபடி எண்ணைப் பாருங்கள் என்றேன். ஒருத்தி அம்மாவின் பவுடரைக் கோழிக்குப் பூசியதைச் சொன்னாள். எண் அசையவில்லை. ஒருவன் பூசையில் தூங்கியதைச் சொன்னான். அசையவில்லை. வகுப்பு உருண்டு புரண்டு சிரித்தது. வருடம் முழுக்க வாயைத் திறக்காத ஒரு பையன் ஏறினான். ரகசியத்தை என் காதில்தான் சொன்னான். சொல்லிவிட்டு இறங்காமல் அந்தச் சிவப்பு எண்களையே பார்த்துக்கொண்டு நின்றான். கரைந்துவிடும் என்று உண்மையிலேயே நம்பியிருக்கிறான். "அப்படியே இருக்கு டீச்சர்" என்றான். அவன் சொன்னதை மதியமே தலைமையாசிரியையிடம் சேர்த்தேன். அந்த அம்மா அதற்குப் பிறகு தண்ணீர்த்தொட்டியைப் பற்றிப் பேசவில்லை.

அடுத்து நான் தோளில் துண்டைப் போட்டுக்கொண்டு எடைத் தாத்தா ஆனேன். நான் கையை நீட்டினால், கை வேண்டாம், நானே ஏறுவேன் என்று சொல்ல வேண்டும். எண் நின்றுவிட்டால் தானே இறங்க வேண்டும். தோளில் கை இருந்தால் எடுக்கச் சொல்ல வேண்டும். மரியாதையாகத்தான், ஆனால் கட்டாயமாக. பிள்ளைகள் சொன்னார்கள். எறும்பு பேசுவதுபோலச் சொன்னார்கள். பெரியவர் முன்னால் குரல் எழும்பாத பிள்ளைகளாக அல்லவா நாம் வளர்க்கிறோம்?

அப்போது ஒரு பையன் சன்னலுக்கு வெளியே பார்த்து, தோட்டத்தில் கிளி இறங்கிவிட்டது என்றான். எனக்குப் பொறி தட்டியது. கிளியும் மைனாவும் பழத்தில் வாய் வைத்தால் என்ன செய்வீர்கள் என்று கேட்டேன். செய்து காட்டினார்கள். ஓடு பறந்திருக்க வேண்டும். தலைமையாசிரியை செருப்பில்லாமல் ஓடி வந்தார். பந்தலுக்கடியில் டின்னைத் தட்டிக்கொண்டு கத்தியே வளர்ந்த தொண்டைகள் அவை. நான்தான் அதுவரை அதைத் தேடாமல் இருந்திருக்கிறேன். அந்தச் சத்தத்தைத்தான் இங்கேயும் போட வேண்டும் என்றேன். உங்கள் உடம்பு உங்கள் தோட்டம், கேட்காமல் வாய் வைக்கிற எதையும் விரட்டலாம். ஒருத்தி விரட்டினால் மற்றவர்கள் வேடிக்கை பார்க்கக் கூடாது. பக்கத்துத் தோட்டத்தில் கிளி இறங்கினாலும் கத்துவோம் இல்லையா?

கடைசியாக ஆளுக்கொரு காகிதத்தில் உள்ளங்கையை வைத்து வரையச் சொன்னேன். ஒவ்வொரு விரலிலும் ஒரு பெரியவர், எதையும் போய்ச் சொல்லக்கூடியவர். பயிற்சியில் சொன்னதுதான் இது. நான் சேர்த்தது ஒன்றே ஒன்று: முதல் விரல் சிரித்தால், அடுத்த விரலுக்குப் போ. அடுத்த விரல் அடித்தால், அதற்கடுத்ததற்குப் போ. கை முடிந்துபோனால் என்னிடம் வா. நம் காலத்தில் சிரிப்பு ஒன்றுதான் பதிலாக இருந்தது, அதோடு நாம் நின்றுவிட்டோம். பொக்கைவாய்ப் பிள்ளை முதல் விரலில் அவள் அம்மாவைத்தான் எழுதியிருந்தாள்.

ஞாயிறு வந்தது. கொட்டகைக்கு மாவிலை கட்டியிருந்தார்கள். தராசு மேடைமேல் ஒரு மெழுகுவத்தியை ஏற்றி அணைத்து எடுத்தார்கள். பூசைச் சேலையோடு அம்மாமார் ஒரு பக்கம், வேட்டி மடித்துக் கட்டிய ஆண்கள் ஒரு பக்கம்; முன்வரிசையில் பெரியப்பா. நான் தராசுக்குக் கை எட்டும் தூரத்தில் போய் நின்றுகொண்டேன். டீச்சர் ஒதுங்கி நில்லுங்க என்று யாரோ சொன்னதை நான் காதில் வாங்கவில்லை.

பொக்கைவாய்ப் பிள்ளை முதலில் வந்தாள். எடைக்காரர் குனிந்து இரண்டு கையையும் நீட்டினார்.

"கை வேணாம். நானே ஏறுவேன்."

பல் இல்லாத வாயில் அது காற்றாகத்தான் வந்தது. கூட்டம் சிரித்தது. அவள் ஏறினாள். எண் ஓடியது. எடைக்காரரும் சிரித்துக்கொண்டே பின்னாலிருந்து அவள் தோளைப் பிடித்துத் தன் பக்கம் இழுத்தார். நான் ஓர் எட்டு எடுத்து வைத்தேன். அதற்குள் அவளே பேசினாள்.

"நம்பர் நின்னுருச்சு. கைய எடுங்க."

எடுக்கவில்லை. அப்போது வரிசையில் நின்ற என் இரண்டாம் வகுப்பு மொத்தமும் கிளி விரட்டியது. தகரக் கூரை அதிர்ந்தது. கூரைமேல் இருந்த புறாக்கள் எழுந்து கோவில் கோபுரத்துக்குப் பறந்தன. எடைக்காரரின் கை, சுட்டதுபோல் விலகியது. வாழ்நாளில் அதைவிட நல்ல சங்கீதம் நான் கேட்டதில்லை.

சத்தம் ஓய்ந்ததும் யாரும் சிரிக்கவில்லை. அம்மாமார் பக்கத்திலிருந்து பொக்கைவாய்ப் பிள்ளையின் அம்மா கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தாள். அவள் குரலை உயர்த்தவே இல்லை. "அரைச் சாண் பலகை. என் பிள்ளை மரமே ஏறும். அத எதுக்குத் தூக்குறீக?" என்று கேட்டாள். ராத்திரி கேட்டிருக்கிறாள். சிரிக்காமல் கேட்டிருக்கிறாள்.

"பாசத்துல தூக்குறதுதான் ஆத்தா."

"இறக்கிவிடுங்கன்னு சொன்ன பெறகு என்ன பாசம்?"

அவர் தராசின் எண்ணைப் பார்த்தார். எடையை மட்டும் சரியாகச் சொல்லிப் பழகிய வாய் அது. மற்ற அம்மாமார் தங்கள் பிள்ளைகள் பக்கம் குனிய ஆரம்பித்தார்கள். ஒவ்வொருத்தியாக. கொட்டகை முழுக்க முணுமுணுப்பு. அதில் சிரிப்புச் சத்தம் மட்டும் இல்லை. என் அம்மா என்னைப் பார்த்தாள். நான் வேண்டுமென்றே வேறு பக்கம் திரும்பிக்கொண்டேன்.

எடைக்காரர் துண்டை உதறித் தோளில் போட்டார். "டீச்சரு எல்லாம் நல்லாத்தான் சொல்லிக் குடுக்குது. மரியாதையத்தான் விட்டுருச்சு" என்றார்.

"மரியாதை அடுத்த பாடங்க. அது பெரியவுகளுக்கு" என்றேன்.

சொன்னபடி அடுத்த வாரம் இரண்டு பெண்கள் வந்தார்கள். பள்ளியில் பிள்ளைகளைத் தனித்தனியே உட்கார வைத்துப் பேசினார்கள். அதன் பிறகு நடப்பதெல்லாம் விசாரணையில் இருக்கிறது. நான் எழுதக் கூடாது. கொட்டகை பூட்டிக் கிடக்கிறது. பழம் இப்போது வேறு ஊர்க் கொட்டகைக்குப் போகிறது. அங்கே எடை குறைகிறது என்று முனகுகிறார்கள். முனகட்டும். சாயங்காலம் அந்தப் பூட்டைப் பார்ப்பதற்காகவே சுற்றுவழியில் வீட்டுக்குப் போகிறேன். ஜீப் வரும்வரை பிள்ளைகள் பள்ளியில்தான் இருக்கிறார்கள், கிளி விரட்டிக்கொண்டிருக்கிறார்கள்.

ஒருநாள் பெரியப்பா வீட்டுக்கு வந்தார். வாசலில் செருப்பை விட்டு, உள்ளே வராமல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார். நான் உட்காரச் சொல்லவில்லை, தண்ணீரும் கொடுக்கவில்லை. "அவ அன்னைக்குக் கடிச்சது இதுக்குத்தானா?" என்றார்.

"நீங்க அடிக்கிறத நிறுத்திட்டுக் கேட்டிருந்தா அன்னைக்கே சொல்லியிருப்பா."

தலையைக் குனிந்துகொண்டார். இப்போது என்ன செய்யட்டும் என்று கேட்டார். அழுதாரோ என்னவோ, வெளிச்சம் பின்னாலிருந்ததால் தெரியவில்லை. தெரிந்திருந்தாலும் என் மனசு இளகியிருக்காது. பள்ளிக்கூடத்துக்கு வாங்க என்றேன். என்ன நடக்கப் போகிறது என்பதையும் மறைக்காமல் சொன்னேன். வருகிறேன் என்றார்.

வருகிற சனிக்கிழமை பெற்றோர் வகுப்பு. அக்கா கடித்த அன்றைக்குச் சிரித்த அத்தனை பேரையும் அழைத்திருக்கிறேன். என் அம்மா உட்பட. சத்துணவுக் கூடத்துத் தராசு நடுவில் இருக்கும். கம்பம் சந்தையில் வாழைத்தார் ஏற்றும் இரண்டு பேர் வருகிறார்கள்; அக்கா பேசி முடித்துவிட்டாள். ஏற விருப்பமா என்று ஒவ்வொருவரையும் கேட்டுத்தான் தூக்குவோம். பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்துவிட்டு நாமே மீறக் கூடாது. விரும்பி வருகிறவர்களைத் தூக்கி மேடையில் நிறுத்துவார்கள். எண் ஓடும். நிற்கும். பிடி இறுகும். இறக்குங்கப்பா என்று அவர்கள் சொல்லும்போது, சுற்றி நிற்கிற நாங்கள் சிரிப்போம்.

முதலில் ஏறப்போவது பெரியப்பா. விடச் சொல்லிக் குரல் கொடுக்க வேண்டியவள் அக்கா. எண் நின்ற பிறகு எவ்வளவு நேரம் கழித்து அவள் வாயைத் திறப்பாள் என்று எனக்குத் தெரியாது. நான் கேட்கவும் போவதில்லை.